கஞ்சாச் சேனைக்கு மாற்று: எந்தத் திட்டத்துக்குக் கை தூக்குவது?

போன போயாவன்று வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடியில் எட்டுப் பேர் கூடினோம். எங்களுடையது சின்ன அறக்கட்டளை. பள்ளிக்கூடக் கொப்பிகள், ஒரு கிணற்றுத் திருத்தம், யாருக்காவது கண் சத்திரசிகிச்சை, இவ்வளவுதான் எங்கள் வரவு செலவு. அன்றைக்கு மேசையில் கிடந்த கோப்பு எங்கள் தரத்துக்குக் கொஞ்சம் பெரியது. மொனராகலை மாவட்டத்தின் தெற்குப் பக்கத்தில், சேனைக்குள் (காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்யும் நிலம்) கஞ்சா போடுவதாகப் பேரெடுத்த சில கிராமங்களில், "மாற்று வாழ்வாதாரமும் உள்ளூராட்சி வலுவூட்டலும்" என்ற தலைப்பில் மூன்று வருட வேலைத்திட்டம். காசு வெளிநாட்டிலிருந்து வரும். உள்ளூர்ப் பங்காளியாக எங்களைக் கேட்டிருந்தார்கள். மூன்று வடிவங்களை அவர்களே வரைந்து அனுப்பி, ஒன்றைத் தெரிவு செய்து காரணத்தோடு எழுதச் சொல்லியிருந்தார்கள்.

முதலாவது வடிவத்தில், குடும்பங்கள் கையெழுத்துப் போட்டு, செடியைத் தாங்களே பிடுங்கி, அதற்குத் தவணை தவணையாகக் காசு வாங்கும். கூடவே மாற்றுப் பயிருக்கு உதவி. இரண்டாவதில், முதல் இரண்டு வருடம் கஞ்சா என்ற பேச்சே எடுக்கப்படாது. உள்வீதி, தண்ணீர், வாரச் சந்தை, காணிப் பத்திரம் என்று வேலை போகும்; செடியைப் பற்றிக் கதைப்பது அதற்கப்புறம். மூன்றாவதில், விசேட அதிரடிப் படை முதலில் போய் எல்லாவற்றையும் வெட்டி எரிக்கும். சுத்தமான கிராமத்துக்கு மட்டும் விதையும் தண்ணீர்ப் பம்பும் பரிசாக வரும்.

பின்னிணைப்பில் ஆங்கிலத்தில் கொலம்பியாவின் அனுபவம் என்று ஒரு பகுதி இருந்தது. எங்கள் பொருளாளர் அவசரத்தில் அதைக் கொழும்பின் அனுபவம் என்று வாசித்துவிட்டு, "கொழும்பில எங்க ஐயா கொக்கா வளருது, விகாரமகாதேவி பூங்காவிலயோ?" என்று கேட்டார். சிரித்து முடிய, கோப்பை வாசித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. இருபத்தைந்து வருடமாக இந்த மாதிரி அறிக்கைகளைத் தமிழாக்கித்தான் சாப்பிடுகிறேன், ஆகவே கதைகள் ஓரளவு பழக்கம். அடுத்த கூட்டத்தில் நான் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முன்காசும் லொறியும்

என் அம்மப்பா இணுவிலில் புகையிலை போட்டவர். அது சட்டப்படியான பயிர், கஞ்சாவோடு சேர்த்துப் பேசினால் மனுஷனுக்குக் கோபம் வந்திருக்கும். ஆனாலும் வியாபாரம் நடக்கும் விதம் ஒன்றுதான். கன்று நிமிர்ந்ததும் வியாபாரி வந்து தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார், முன்காசு கொடுத்துவிட்டுப் போவார். அந்தக் காசில்தான் எரு, அந்தக் காசில்தான் அம்மாவின் பள்ளிக்கூடச் சப்பாத்து. பாடம் போட்ட புகையிலை மாதக்கணக்கில் கெடாது. லொறி படலைக்கே வரும். பின்னாளில் யாரோ உத்தியோகத்தர் வந்து வெங்காயம் போடச் சொன்னபோது அம்மப்பா கேட்டாராம்: "வெங்காயத்துக்கு ஆர் தம்பி முன்காசு தருவான்?"

ஆப்கானிஸ்தானில் இந்த முன்காசுக்கு ‘சலாம்’ என்று பெயர். அறுவடைக்குப் பல மாதம் முன்பே, வரப்போகும் அபினைக் குறைந்த விலைக்கு எழுதிக் கொடுத்து வாங்கும் கடன் அது. சொந்தக் காணி இல்லாத வாரக்காரனுக்கு, அபின் தரும் பொப்பிச் செடியை நடச் சம்மதித்தால்தான் பல இடங்களில் நிலமே கிடைக்கும். காய்ந்த அபின் வருடக்கணக்கில் கெடாமல் கிடக்கும்; வீட்டுக்குள் வைத்த வங்கிப் புத்தகம் மாதிரி, தேவைக்கு ஒரு துண்டு வெட்டி விற்கலாம். கொலம்பியாவின் காட்டோரக் கிராமங்களில், கொக்கெய்ன் எடுக்கும் கொக்காச் செடி வருடத்தில் நாலைந்து தடவை இலை தரும். அதைக் கொட்டிலில் வைத்துப் பசையாக்கிவிட்டால் ஒரு கிலோ முதுகுப் பைக்குள் அடங்கிவிடும். அதே விவசாயி வாழைக்குலையை ஆற்றுப் படகில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோனால் படகுக் கூலி குலையின் விலையைத் தின்றுவிடும். மாற்றாகச் சொல்லப்படும் கொக்கோவும் கோப்பியும் காய்க்க மூன்று, நாலு வருடம் எடுக்கும்.

கோப்பில் ‘மாற்றுப் பயிர்’ என்று வந்த இடமெல்லாம் நான் ஓரத்தில் பென்சிலால் நாலு சொல் எழுதிக்கொண்டு போனேன்: முன்காசு, வாங்குபவன், பாதை, காணி. எந்த வடிவம் இந்த நாலையும் தருகிறது என்று பார்ப்பதுதான் என் ஒப்பீடு. எந்தப் பயிர், முருங்கையா கௌப்பியா என்பதெல்லாம் எனக்குப் பிந்திய கதை.

பிடுங்கினால் காசு

கொலம்பியாவை விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் முதலாவது வடிவம் கிட்டத்தட்ட அதன் நகல். 2016 நவம்பரில் ஃபார்க் என்ற கிளர்ச்சி இயக்கத்தின் கெரில்லாக்களோடு அரசாங்கம் செய்த சமாதான உடன்படிக்கையின் நாலாவது பகுதி போதைப்பொருள் பற்றியது. அதன்படி 2017இல் தொடங்கிய திட்டத்தில் சுமார் 99,000 குடும்பங்கள் சேர்ந்தன. கொக்காவைத் தாங்களே பிடுங்கினால் ஒரு வருடத்துக்கு மாதம் 10 லட்சம் பெசோ. அன்றைய மதிப்பில் 300 அமெரிக்க டொலருக்குச் சற்று மேல். பிறகு வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு தொகை, குறுகிய காலப் பயிருக்கு ஒரு தொகை, நீண்ட காலப் பயிருக்கு இன்னொன்று. இரண்டு வருடத்தில் எல்லாமாக ஒரு குடும்பத்துக்கு 3 கோடியே 60 லட்சம் பெசோ வரை வரும் என்பது கணக்கு.

சனங்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். ஐ.நா. அதிகாரிகள் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சரிபார்த்தபோது பெரும்பாலானோர் பிடுங்கியிருந்தார்கள், திரும்ப நட்டவர்கள் வெகு சிலரே. தவறியது அரசாங்கத்தின் பங்குதான். மாதக் காசு ஓரளவுக்கு வந்தது. கோப்பிக் கன்றுக்கும் மாட்டுக்கும் வரவேண்டிய தவணைகள் வருடக்கணக்கில் இழுபட்டன. 2018இல் ஆட்சி மாறியது. வந்தவர்கள் புதிய குடும்பங்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். செடியும் போய், மாற்றும் வராமல் குடும்பங்கள் நடுவில் நின்றன. கெரில்லாக்கள் விட்டுப்போன ஊர்களுக்கு அரச நிர்வாகம் வந்து சேர முதல் வேறு ஆயுதக் குழுக்கள் வந்து குந்திக்கொண்டன. பிடுங்கச் சொல்லி ஊரைத் திரட்டிய கிராமத் தலைவர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். ஐ.நா. கணக்கில் 2013இல் 48,000 ஹெக்டேயராக இருந்த கொக்காப் பரப்பு 2023இல் 253,000 ஆனது.

இன்னொரு விஷயம், இதைக் கோப்பில் எழுதியவர்கள் மெல்லத் தாண்டிப் போயிருந்தார்கள். காசு கொடுக்கப் போகிறார்கள் என்ற கதை 2014இல் பேச்சுவார்த்தை நடக்கும்போதே ஊருக்குள் போய்விட்டது. செடி இருந்தால்தானே பிடுங்கிக் காசு வாங்கலாம்? இல்லாதவர்களும் நட்டார்கள். 2014இல் 69,000 ஹெக்டேயர், 2016இல் 146,000. இதற்கு வேறு காரணங்களும் உண்டு. உதாரணமாக, வானிலிருந்து கிளைபோசேட் என்ற களைநாசினியைத் தெளிப்பது 2015இல் நின்றுபோனது. (அதே வருடம்தான் இங்கேயும் கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள், சிறுநீரக நோயைச் சொல்லி.) ஆனாலும் பரிசுக் கதைக்கு அதில் பங்கு இருந்தது என்பதை ஆய்வு செய்தவர்கள் மறுப்பதில்லை. எங்கள் கோப்பில் ஆறு கிராமங்களுக்குத்தான் காசு. ஏழாவது கிராமத்துக்காரன் அடுத்த வருடத்துக்காக என்ன நடுவான் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கலை எடுத்துச் சொன்னவர் எங்களில் ஒருவரான ஓய்வுபெற்ற பொலிஸ் பரிசோதகர். "கையெழுத்து வாங்கினால் அது வாக்குமூலம்" என்றார். இங்கே நஞ்சு, அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டப்படி கஞ்சா வளர்ப்பது குற்றம். ‘என் சேனையில் இத்தனை செடி இருந்தது, பிடுங்கிவிட்டேன்’ என்று ஒருவன் எழுதித் தந்த பட்டியல் எங்கள் அலுமாரியில் இருந்தால், நாளைக்கு அதைக் கேட்டு யாராவது வந்தால் என்ன செய்வது? கொலம்பியாவில் சிறு விவசாயிகளுக்குத் தண்டனை விலக்குத் தரும் சட்டம் ஒன்றையாவது வாக்குறுதியாகக் கொடுத்தார்கள், அதுவும் பாராளுமன்றத்தில் இழுபட்டது. இங்கே அப்படியொரு பேச்சே இல்லை. முதலாவது வடிவத்தை நான் அந்த இடத்திலேயே மனசுக்குள் கீழே வைத்துவிட்டேன்.

முதலில் எரித்து, பிறகு கொடுப்பது

அதே பரிசோதகர்தான் மூன்றாவது வடிவத்துக்கு ஆதரவு. "இறுக்கிப் பிடிச்சா நிக்கும்" என்பது அவர் கட்சி. அவர் சொல்வது பொய் என்று சொல்ல முடியாது. 2022 ஏப்ரலில் தலிபான்கள் பொப்பியைத் தடை செய்தார்கள். அந்த வருடம் 233,000 ஹெக்டேயர். அடுத்த வருடம் 10,800. எந்த உதவித் திட்டமும் இவ்வளவு வேகமாக இப்படியொரு இலக்கத்தைக் காட்டியதில்லை. 2002 முதல் 2017 வரை போதைப்பொருள் ஒழிப்புக்கென்று அமெரிக்கா அங்கே கொட்டியது 862 கோடி டொலர், அந்தக் காலத்தில் இடையிடையே இறங்கினாலும் மொத்தத்தில் பொப்பி பெருகித்தான் போனது.

சரி, 2023இல் விவசாயிக்கு என்ன ஆனது? அபின் விற்று அவர்களுக்கு வந்த வருமானம் 136 கோடி டொலரிலிருந்து 11 கோடிக்கு இறங்கியது. பதுக்கி வைத்திருந்த பெரிய புள்ளிகளுக்கோ கொண்டாட்டம்: முன்பு கிலோ 100 டொலர் அளவில் போன சரக்கு 2024 முற்பகுதியில் 730 டொலருக்குப் போனது. படக்ஷான் மலைகளில் செடியை அழிக்க வந்தவர்களோடு ஊர்சனம் மோதியது. 2024இல் பரப்பு கொஞ்சம் திரும்ப ஏறியது.

விதையைப் பரிசாகக் கொடுக்கும் பகுதிக்கும் முன்மாதிரி அங்கேயே இருக்கிறது. 2008 முதல் ஹெல்மண்ட் மாகாணத்தில் கோதுமை விதையும் உரமும் கொடுத்து, கூடவே செடியை அழித்தார்கள். கால்வாய் பாயும் பகுதியில் பொப்பி குறைந்தது உண்மை. ஆனால் பொப்பிக்குக் கீறிப் பால் எடுக்க நிறைய ஆள் வேண்டும், கோதுமைக்கு வேண்டாம். காணிக்காரன் வாரக்காரனை அனுப்பிவிட்டான். போனவர்கள் கால்வாய்க்கு வடக்கே பாலைவனத்தில் ஆழ்கிணறு தோண்டி அங்கே பொப்பியை நட்டார்கள். பிறகு சூரிய சக்திப் பம்பும் வந்து சேர்ந்தது. கோதுமைத் திட்டம் பொப்பிக்குப் புது நிலம் திறந்து கொடுத்த கதை.

பொலிவியாவில் 1998இல் சப்பாரே பள்ளத்தாக்கில் இராணுவத்தை இறக்கிக் கொக்காவைப் பிடுங்கினார்கள். வீதி மறிப்பு, துப்பாக்கிச் சூடு, இரு பக்கமும் சாவு. கொக்கா விவசாயிகளின் சங்கத் தலைவர் ஈவோ மொராலெஸ் 2006இல் ஜனாதிபதியானார். செடியைப் பிடுங்கப் போய் ஜனாதிபதியை நட்டுவிட்டு வந்தார்கள் என்று நான் சொன்னபோது பரிசோதகரும் சிரித்தார்.

இதற்கெல்லாம் அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் பெரும்போகம் அடிபட்டுவிட்டது. மாற்று கைக்கு வர முதல் பழையதை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று கேட்டால் எந்தக் கமக்காரனும் சொல்வான்.

சபையா, செயலகமா?

இரண்டாவது வடிவத்துக்கு உலகம் காட்டும் உதாரணம் தாய்லாந்து. 1969இல் மன்னரின் திட்டம் தொடங்கியது. ஐ.நா.வும் ஜேர்மனியும் பிறரும் பின்னர் அபின் விளைந்த அந்த வடக்கு மலைகளில் காசு போட்டார்கள். பாதை, தண்ணீர், வைத்தியசாலை, பள்ளிக்கூடம், பிறகு கோப்பி, காய்கறி. செடியை அழிக்கும் வேலை மும்முரமானது 1984 அளவில்தான், அதாவது பதினைந்து வருடம் கழித்து. 1988இல் தொடங்கிய டொய் துங் திட்டம் 29 கிராமங்கள், சுமார் 11,000 பேர் உள்ள பகுதியில் நடந்தது, அதற்குப் போட்டுக்கொண்ட காலம் முப்பது வருடம். முதல் வருடங்களில் சனங்களுக்குக் கிடைத்தது காடு வளர்க்கும் வேலைக்கு நாட்சம்பளம். கோப்பி காய்க்கும் வரை அடுப்பு எரிந்தது அதில்தான். பிறகு மக்கடேமியா வந்தது, கோப்பிக் கடைகள் வந்தன. இதற்குள் கறுப்புப் பக்கமும் உண்டு: மலைச் சனத்தில் பலருக்கு நெடுங்காலம் குடியுரிமையே கிடைக்கவில்லை, 2003இல் ‘போதைக்கு எதிரான போர்’ என்று சொல்லி ஈராயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஆனாலும் அபின் போனது, திரும்பி வரவில்லை. முப்பது வருடம் என்ற சொல்லைக் கேட்டதும் பொருளாளர் எங்கள் மூன்று வருடக் கோப்பைத் தூக்கிப் பார்த்தார்.

எனக்கு அதைவிடப் பாடமாகத் தெரிவது மறுபடி சப்பாரேதான். பொலிவியாவில் 1994இல் வந்த மக்கள் பங்கேற்புச் சட்டம் தேசிய வரி வருமானத்தில் 20 வீதத்தை நகரசபைகளுக்குக் கொடுத்தது. அடுத்த வருடத் தேர்தலில் சப்பாரேயின் சபைகளைக் கொக்கா விவசாயிகளின் ஆட்களே பிடித்தார்கள். அமெரிக்க உதவி நிறுவனம் அந்தச் சபைகளைத் தொடவில்லை. தனியாக விவசாயச் சங்கங்களை உருவாக்கி, கொக்கா இல்லை என்று காட்டுபவர்களுக்கு மட்டும் உதவியது. ஐரோப்பிய ஒன்றியம் அதே பள்ளத்தாக்கில், அதே காலத்தில், சபைகளின் வழியாகவே போனது. பிடுங்கினால்தான் பாதை என்று நிபந்தனை போடவில்லை, காணி உறுதிக்கும் உதவியது. ஊர்ச்சனம் அமெரிக்கக் காசைச் சந்தேகத்தோடு பார்த்தது, ஐரோப்பியக் காசோடு ஒத்துப்போனது. 2013 மே மாதம் அமெரிக்க உதவி நிறுவனத்தை மொராலெஸ் நாட்டை விட்டே அனுப்பினார்.

இங்கே என்ன நிலைமை? கோப்பில் ‘உள்ளூராட்சி’ என்று ஒரே சொல்லில் எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரருக்குப் பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றாகத்தான் தெரியும், பெயரும் அப்படி. உள்வீதியும் வாரச் சந்தையும் சபையின் கையில். காணி அனுமதிப்பத்திரம் செயலகத்தின் கையில், அது மத்திய அரசின் ஆள். விதையும் உரமும் கமநல சேவை நிலையம். சேனை இருக்கும் இடமோ பெரும்பாலும் அரச காணி, வனத்துறை ஒரு பக்கம் கல் நட்டிருக்கும். ஆகவே சபையை மட்டும் வலுவூட்டினால் என் நாலு சொல்லில் பாதையும், கொஞ்சம் வாங்குபவனும்தான் கிடைக்கும். காணியும் முன்காசும் வெளியே நிற்கும்.

சபையும் எப்போதும் இருக்கும் என்றில்லை. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தலைக் காசில்லை என்று தள்ளிப் போட்டு, 2025 மே 6ஆம் திகதிதான் நடத்தினார்கள். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் அதிகாரிகள்தான் சபை. அந்தக் காலத்தில் இந்த வடிவம் ஓடியிருந்தால் யாரோடு கூட்டம் வைத்திருப்போம்? இன்னொரு பக்கம், வடக்கு கிழக்கில் 2010இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய ‘நெல்சிப்’ திட்டத்தை எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் மறக்கவில்லை. சந்தைக் கட்டடம், வடிகால், வீதி என்று சபைகளின் கையாலேயே வேலை நடந்தது. காசு வந்தால் சபையால் செய்ய முடியும் என்பதற்கு அது போதும். காசு நின்ற பிறகு பராமரிப்பது வேறு கதை, பொலிவியாவின் 20 வீதம் போல எங்கள் சபைகளுக்கு ஒன்றும் இல்லையே.

தீர்மானத்துக்கு முதல் நானும் இன்னொருவரும் வெல்லவாய வரை போய் வந்தோம். அங்கே சில்லறைக் கடை வைத்திருக்கும் மலையகத் தமிழர் ஒருவர், ஊர்ச் சிங்களச் சனத்தோடு நல்ல பழக்கம், எங்களை ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனார். பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் பாதையில் ஒரு போக்கு, அதாவது தண்ணீர் பாயும் சின்ன மதகு, நடுவில் இடிந்து கிடந்தது. பக்கத்தில் வயலுக்குள் இறங்கித்தான் டிராக்டர் போகிறது. மழை பெய்தால் அதுவும் இல்லை. சோளம் மூட்டை மூட்டையாகக் கட்டி ஒரு வீட்டு விறாந்தையில் அடுக்கியிருந்தது, கீழ் வரிசை மூட்டைகளில் பூஞ்சணம். லொறிக்காரன் போக்குக்கு இந்தப் பக்கமே நின்று விலை சொல்வானாம், தூக்கிக் கொண்டுவந்து கொடுத்தால் எடுப்பானாம். கடைக்காரர் சொன்னார்: "அண்ணே, சோளம் போட்டா யானை திங்கும், புழு திங்கும், மிச்சத்த யாவாரி திங்கிறான். மத்ததுல இவனுக்குக் கூலி கைக்கு வந்துருது. முதல் போடுறவன் இந்த ஊரே இல்ல." புழு என்று அவர் சொன்னது 2018 கடைசியில் வந்து சோளத்தை நாசமாக்கிய படைப்புழுவை.

அந்த ஊரில் வாரச் சந்தையும் உண்டு, ஞாயிறு. வரி அறவிடும் உரிமையைச் சபை வருடா வருடம் கேள்விப்பத்திரம் போட்டுக் கொடுக்கிறது. பிடித்தவர் கூடைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார், பற்றுச்சீட்டு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. உள்ளூராட்சி வலுவூட்டல் என்று நான் எத்தனையோ அறிக்கைகளில் மொழிபெயர்த்திருக்கிறேன். அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இடிந்த போக்கும் பற்றுச்சீட்டு இல்லாத கூடையும் போதும் என்று அன்றைக்குத் தோன்றியது.

கோப்பில் இல்லாத நாலாவது

கூட்டத்தில் இளையவர் ஒருவர் கேட்டார், கொஞ்சமாக வளர்க்க அனுமதித்தால் என்ன? பொலிவியா 2004இல் அதைத்தான் செய்தது. சப்பாரேயில் குடும்பத்துக்கு ஒரு ‘காத்தோ’ கொக்கா, அதாவது 1,600 சதுர மீட்டர், எங்கள் கணக்கில் 63 பேர்ச். மீறுகிறார்களா என்று பார்ப்பது பொலிஸின் வேலையாக இல்லாமல் விவசாயச் சங்கத்தின் வேலையானது. அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் காசு கொடுத்தது. 2010இல் சுமார் 31,000 ஹெக்டேயராக இருந்த நாட்டின் கொக்கா 2015இல் 20,200க்கு இறங்கியது, இரத்தம் பெரிதாகச் சிந்தாமல். பிறகு திரும்ப ஏறியது. 2022 அளவில் பழைய இடத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. ஆனால் கொக்கா இலையை அங்கே காலம் காலமாக மெல்லுகிறார்கள், தேநீர் போடுகிறார்கள். அதற்குச் சட்டப்படியான சந்தை இருக்கிறது. எங்கள் சேனைக்காரனுக்கு அப்படியொரு சந்தை இல்லை. சட்டத்தை மாற்றுவது எட்டுப் பேர் கொண்ட அறக்கட்டளையின் வேலையும் இல்லை. சங்கம் கண்காணிக்கலாம் என்ற யோசனையை மட்டும் நான் குறித்துவைத்தேன்.

காசு நின்றால்

கடைசியாகப் பார்த்தது இதைத்தான்: நடுவில் காசு நின்றால் எந்த வடிவம் சனத்தை மோசமான இடத்தில் விடும்? 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை ஒரே உத்தரவில் முடக்கியது, ஜூலை முதலாம் திகதி அதன் உதவி நிறுவனத்தையே மூடியது. கொலம்பியாவில் அதுவரை மிகப் பெரிய உதவியாளராக இருந்தவர்கள் அவர்கள்தான். கொழும்பில் எனக்குத் தெரிந்தே எத்தனை பேர் அந்த மாதம் மேசையைக் காலி செய்துகொண்டு வீட்டுக்கு வந்தார்கள், எனக்கும் இரண்டு மொழிபெயர்ப்புகள் பாதியில் நின்றன.

முதலாவது வடிவம் நடுவில் நின்றால் செடியைப் பிடுங்கிய குடும்பம் தவணை இல்லாமல் நிற்கும், கையெழுத்துப் பட்டியலும் மிஞ்சும். மூன்றாவது நின்றால் எரித்தது எரித்ததுதான், விதை வராது. இரண்டாவது நின்றால் பாதி கட்டிய பாதை இருக்கும், திருத்திய போக்கு இருக்கும், கைக்கு வந்த அனுமதிப்பத்திரம் இருக்கும். கஞ்சாவும் இருக்கும். அது எனக்குத் தெரிந்தேதான் சொல்கிறேன். நல்ல பாதையில் கஞ்சாவும் சுகமாகப் போகும் என்று பரிசோதகர் குத்திக் காட்டினார், அதுவும் சரி.

வாக்கெடுப்பில் இரண்டாவது வடிவத்துக்கு ஐந்து கை, மூன்றாவதுக்கு இரண்டு, பொருளாளர் எதற்கும் தூக்கவில்லை. கடிதத்தில் அதை அப்படியே ஏற்கவில்லை, மூன்று மாற்றம் கேட்டோம். டொய் துங்கில் போல, பாதை வேலையை ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் அந்த ஊர்க் குடும்பங்களுக்கே நாட்கூலியாகக் கொடுக்க வேண்டும், முதல் வருடக் கைக்காசு அதுதான். சபையோடு மட்டும் ஒப்பந்தம் எழுதாமல் பிரதேச செயலகத்தையும் கமநல நிலையத்தையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர வேண்டும், சபை கலைந்தாலும் மற்ற இரண்டும் இருக்கும். மூன்றாவது, குறிகாட்டிகளை மாற்ற வேண்டும். அவர்கள் எழுதியிருந்தது ‘அழிக்கப்பட்ட ஏக்கர்’. நாங்கள் எழுதியது: வருடத்தில் எத்தனை நாள் லொறி ஊருக்குள் வந்தது, எத்தனை குடும்பத்துக்குக் காணிப் பத்திரம், சோளத்துக்கோ எள்ளுக்கோ முன்காசு கொடுத்த வியாபாரிகள் எத்தனை பேர், சந்தையில் பற்றுச்சீட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர். எந்தக் கட்டத்திலும் யாருடைய பெயரையும் செடியோடு சேர்த்து எழுத மாட்டோம் என்று ஒரு வரியும் போட்டோம்.

அந்தக் கடைசி வரியை எழுதித் தந்தது பரிசோதகர். மூன்றாவது வடிவத்துக்குக் கை தூக்கியவர் இன்னும் அதிலேயே நிற்கிறார். பிரதேச செயலகத்துக்குப் போன சிங்களப் பிரதியில் என் பிழைகளைத் திருத்தியதும் அவர்தான்.